சாண எரிவாயு அடுப்பு சரியா எரியலையா?

"கோபர் கேஸ் போட்டேன், எரியவே மாட்டேங்குது" என்று கலனை மூடிப்போட்ட நண்பர்கள் வேடசந்தூர்ப் பக்கம் சிலர் உண்டு. கலனைக் குறை சொல்லும் முன் அடுப்பைப் பாருங்க. சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டினால் சரிப்படாது. சிலிண்டர் வாயு முழுசா எரிய அதைப்போல் சுமார் 25 மடங்கு காற்று வேணும். சாண வாயுவுக்கு 6 மடங்கு போதும். அழுத்தமும் குறைவு, ஜெட் துளை பெரிசா இருக்கணும். அதற்கென்றே விற்கும் அடுப்பை வாங்குங்க.

சுடர் பர்னரை விட்டு எழும்பி அணைந்தால் காற்று அதிகம். காற்றுத் துவாரத்தைக் கொஞ்சம் மூடுங்க. மஞ்சளாக எரிந்து சட்டி கரிப்பிடித்தால் திறங்க.

'பக் பக்' என்று விட்டுவிட்டு எரிந்தால் குழாயில் தண்ணி. வாயுவோடு வரும் ஈரம், குழாய் தொய்ந்த இடத்தில் தேங்கிவிடும். என் வீட்டில் இரண்டு மாதம் இதே கூத்து. வங்கியில் இருந்தபோது சாண எரிவாயுக்குக் கடன் கொடுத்தவன் நான். குழாய்ச் சரிவை ஒரு நாளும் விசாரித்ததில்லை! குழாயைக் கலன் பக்கம் சரிவாக இழுத்துக் கட்டி, தாழ்ந்த இடத்தில் வடிகால் திருகு வைத்ததும் தீர்ந்தது.

புதுக்கலனில் முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயு, எரியாது. நெருப்பில்லாத வெளியிடத்தில் திறந்துவிடுங்க. சாணமும் தண்ணியும் சமமா கரைங்க. பினாயில் ஊற்றிக் கழுவிய தொழுவத் தண்ணி வேண்டாம், நுண்ணுயிர் செத்துப்போகும்.

கசிவைச் சோப்பு நுரை தடவித்தான் பார்க்கணும். தீக்குச்சி கிழிக்காதீங்க.