மரபுரிமையும் அதன் கடனும்
தென்னாப்பிரிக்காவின் மரபு நாள் குறித்து ஒரு பார்வை

அரபி மொழியில் 'துராஸ்' என்றொரு சொல் உண்டு. முன்னோர் விட்டுச் சென்ற பண்பாட்டுச் செல்வத்தை இன்றைய அரபு உலகம் இச்சொல்லாலேயே குறிக்கிறது. நம் பேச்சில் கலந்துவிட்ட 'வாரிசு', 'மீராஸ்' ஆகியனவும் இதே வேரிலிருந்து கிளைத்தவை. ஃபிக்ஹு நூல்களில் வாரிசுரிமைப் பாடத்தைப் பயின்றோர் ஒரு முறைமையை நன்கறிவர். இறந்தவரின் சொத்து வாரிசுகளிடையே பங்கிடப்படுவதற்கு முன்னர் அடக்கச் செலவும், அவர் பட்ட கடனும், அவர் செய்த வஸிய்யத்தும் நிறைவேற்றப்பட வேண்டும். பங்கு பின்னர், கடன் முன்னர்.

தனிமனிதரின் சொத்துக்கு உரிய இம்முறைமை ஒரு நாட்டின் மரபுச் செல்வத்துக்கும் பொருந்துமா? ஆண்டுதோறும் செப்டம்பர் 24ஆம் நாள் தென்னாப்பிரிக்கா முழுவதும் கொண்டாடப்படும் 'மரபு நாள்' இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

நாள் பிறந்த வரலாறு

1994 ஏப்ரலில் நடந்த பொதுத்தேர்தல் நிறவெறி ஆட்சிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. புதிய நாட்டுக்குப் புதிய விடுமுறை நாட்கள் தேவைப்பட்டன. அவ்வாண்டு நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட பொது விடுமுறை மசோதாவில் செப்டம்பர் 24 இடம்பெறவில்லை. சூலு மக்களிடையே அந்நாள், 1828 செப்டம்பரில் கொல்லப்பட்ட தம் பேரரசர் ஷாகாவை நினைவுகூரும் 'ஷாகா நாள்' ஆகும். சூலு மக்களின் ஆதரவைப் பெரிதும் பெற்றிருந்த இன்காதா சுதந்திரக் கட்சி மசோதாவை எதிர்த்தது. ஒரே இனத்தின் அரசருக்கு நாடு தழுவிய விடுமுறை அளிப்பதும் எளிதன்று. அதை அறவே மறுப்பதும் முறையன்று. முடிவில் ஓர் இணக்கம் காணப்பட்டது. அந்நாள் விடுமுறையாகவே இருக்கும்; ஆனால் அது ஒவ்வொரு சமூகமும் தன் மரபைக் கொண்டாடும் பொது நாளாக அமையும். இவ்வாறு 1995 செப்டம்பர் 24இல் முதல் மரபு நாள் பிறந்தது. ஓர் இனத்தின் துயர நாள் அனைவரின் பெருமை நாளாக விரிந்தமை இங்குக் கருதத்தக்கது.

அதன்பின் வளர்ச்சி படிப்படியாக நிகழ்ந்தது. 1999இல் தேசிய மரபு வளச் சட்டம் இயற்றப்பட்டது. நெல்சன் மண்டேலா சிறை வைக்கப்பட்டிருந்த ரோபன் தீவு அதே ஆண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஒரு நாள் விழா நாளடைவில் 'மரபு மாதம்' ஆயிற்று. அரசு ஆண்டுக்கொரு கருப்பொருளை அறிவிக்கிறது. 2018இல் மண்டேலாவின் நூற்றாண்டும், 2019இல் நாட்டின் இலக்கியச் செல்வமும் கருப்பொருளாயின. பள்ளி மாணவரும் அலுவலகப் பணியாளரும் தத்தம் மரபுடையில் வருவது வழக்கமாகிவிட்டது.

நெருப்பும் இறைச்சியும்

வளர்ச்சியுடன் ஒரு விவாதமும் வளர்ந்தது. திறந்தவெளியில் நெருப்பு மூட்டி இறைச்சி சுடும் 'பிராய்' என்னும் பழக்கம் அந்நாட்டின் எல்லா இனத்தாரிடமும் உண்டு. அதையே ஒற்றுமையின் அடையாளமாக்கி, செப்டம்பர் 24ஐ 'பிராய் நாள்' எனக் கொண்டாட வேண்டும் என்ற இயக்கம் 2005இல் தொடங்கியது. பேராயர் டெஸ்மண்ட் டூட்டு 2007இல் அதன் புரவலரானார். மொழியாலும் நிறத்தாலும் பிரிந்தவர்கள் ஒரே நெருப்பைச் சுற்றி அமர்வது நல்லதே என்றனர் ஆதரித்தோர். வரலாற்றின் காயங்களைப் புகைமூட்டம் மறைத்துவிடும் என்றனர் மறுத்தோர். இரு தரப்பிலும் உண்மை இருப்பினும், உண்பதற்கு எளிதான மரபை விட நினைப்பதற்குக் கடினமான மரபே பெரிது என்பது நம் கருத்து. அதற்குச் சான்றாகக் கேப்டவுன் முஸ்லிம்களின் வரலாற்றைக் காட்டலாம்.

அடிமைகள் கட்டிய பள்ளிவாசல்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் அமைத்தது. இன்றைய இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை, மடகாஸ்கர், மொசாம்பிக் ஆகிய பகுதிகளிலிருந்து அடிமைகள் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். கம்பெனியை எதிர்த்த அறிஞர்களும் நாடு கடத்தப்பட்டனர். மக்காசரைச் சேர்ந்த ஷெய்க் யூசுஃப் 1684இல் இலங்கைக்கும், 1694இல் நன்னம்பிக்கை முனைக்கும் அனுப்பப்பட்டு 1699இல் அங்கேயே மறைந்தார். திதோர் தீவின் அரச குடும்பத்தவரான துவான் குரு 1780இல் கொண்டுவரப்பட்டு ரோபன் தீவில் சிறை வைக்கப்பட்டார். பின்னாளில் மண்டேலாவை அடைத்த அதே தீவு! அவர் நினைவிலிருந்தே தம் கையால் எழுதிய திருக்குர்ஆன் பிரதி இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

விடுதலைக்குப் பின் அவர் மதரஸா தொடங்கினார். போ-காப் பகுதியிலுள்ள 'அவ்வல்' பள்ளிவாசலின் முதல் இமாமும் அவரே. அவ்வல் என்றால் முதலாவது. அந்நாட்டின் முதல் பள்ளிவாசல் அது. அது அமைந்த இடம் 1794இல் கோரிடோன் என்பவரின் உடைமையாயிற்று. இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டு விடுதலை பெற்ற அடிமை அவர். முஸ்லிம்கள் பகிரங்கமாகத் தொழுவதற்கான உரிமை 1804ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது என்பதை எண்ணும்போது, அம்மக்களின் துணிவு விளங்கும்.

மொழி வரலாற்றிலும் அவர்களின் பங்கு வியப்புக்குரியது. அடிமைகளும் எசமானரும் கலந்து பேசியதில் உருவான ஆஃப்ரிகான்ஸ் மொழியைக் கேப் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் எழுதினர். அரபியில் இல்லாத ஒலிகளுக்குக் குறியீடுகளையும் வகுத்துக் கொண்டனர். மதரஸா மாணவரின் பாடக் குறிப்பேடுகள் அவ்வாறே எழுதப்பட்டன. உஸ்மானியப் பேரரசால் அனுப்பப்பட்டு 1863இல் அங்கு வந்த அபூபக்ர் எஃபெந்தி இயற்றிய 'பயானுத் தீன்' 1877இல் இஸ்தான்புல்லில் அச்சேறியது. அம்மொழியில் வெளிவந்த தொடக்ககால நூல்களுள் அது ஒன்று. பிற்காலத்தில் ஆஃப்ரிகான்ஸ் வெள்ளையரின் ஆதிக்க மொழியாகக் கருதப்பட்டு, அதைப் பள்ளிகளில் திணித்ததை எதிர்த்து 1976இல் சொவெட்டோ மாணவர் எழுச்சி நிகழ்ந்தது. அம்மொழியின் பழைய ஏடுகள் அடிமைகளின் வழித்தோன்றல்களால் அரபு எழுத்தில் எழுதப்பட்டவை என்பதை அக்மத் டேவிட்ஸ் போன்ற ஆய்வாளர்கள் விரிவாக எடுத்துக்காட்டினர். மரபு யாருக்குச் சொந்தம் என்னும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறு வேண்டுமோ?

தீராத கடன்

1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் இனவாரியாக வாழிடங்களைப் பிரித்தது. கேப்டவுனின் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' பகுதி 1966இல் வெள்ளையருக்கு உரியதாக அறிவிக்கப்பட்டது. சுமார் 60,000 பேர் வெளியேற்றப்பட்டனர். வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மட்டும் வெற்றுவெளியில் தனித்து நின்றன. 1994இல் நில மீட்புச் சட்டம் வந்தபோதிலும், சாவியைப் பெறும் முன்பே முதியோர் பலர் மறைந்தனர்.

போ-காப்பின் நிலை வேறு. அங்கு வீடுகள் நிலைத்தன. வண்ணச் சுவர்கள் சுற்றுலாப் பயணியரை ஈர்த்தன. அதன் விளைவாக நில மதிப்பும் வரியும் உயர, பரம்பரையாக வாழ்ந்தோர் விற்று வெளியேறும் நெருக்கடி உண்டாயிற்று. 2018இல் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினர். 2019இல் அப்பகுதியின் 19 இடங்கள் தேசிய மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. கட்டடம் காக்கப்பட்டது, குடியிருப்போர் நிலைப்பரா என்ற கவலை தீரவில்லை. சுவரைக் காத்து மனிதரை இழப்பது, கடனை அடைக்காமல் சொத்தைப் பங்கிடுவதற்கு ஒப்பாகும்.

நமக்குள்ள தொடர்பு

அந்நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பேணி மதிக்கப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழையும், சமயப் பயன்பாட்டு மொழிகளுள் அரபியையும் பெயர் சுட்டிக் கூறுகிறது. 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தக் கூலிகளை டர்பன் துறைமுகத்தில் இறக்கியதிலிருந்து தொடங்கும் வரலாறு அது. கேப் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களின் மத்ஹபும் அதுவே. அரபு எழுத்தில் ஆஃப்ரிகான்ஸ் எழுதிய அவர்களின் குறிப்பேடுகளைக் காணும்போது, அரபு எழுத்தில் தமிழ் எழுதிய நம் முன்னோரின் ஏடுகள் நினைவுக்கு வராமல் இரா.

அங்கு அவ்வேடுகளைத் தேடித் தொகுத்து, படித்து, வரலாற்றில் உரிய இடத்தைப் பெற்றுத் தந்தனர். நம்மிடம் அரபுத்தமிழைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகின்றனர். பழைய அலமாரிகளிலும் பெட்டிகளிலும் ஏடுகள் செல்லரிக்கின்றன. மரபுக்கென ஒரு நாளை ஒதுக்கி மகிழ்வது எளிது. ஏடுகளைப் படியெடுப்பதும், அவற்றைப் படிக்கும் ஆற்றலை அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பதும் நாம் முதலில் தீர்க்க வேண்டிய கடன்.