பழைய வீட்டைப் புதுப்பிப்போம் – 9: கையில் எவ்வளவு இருக்கிறது?

மேற்கு மாம்பலத்தில் 1980-களில் கட்டிய மாடி வீடு. ஓய்வுபெற்ற டீச்சரும் அவர் கணவரும் இருக்கிறார்கள். சமையலறையையும் மாடி பாத்ரூமையும் மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

"எவ்வளவுக்குள்ள முடிக்கணும்னு இருக்கீங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"நீங்க எஸ்டிமேட் போட்டுச் சொல்லுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார் கணவர். காபி வந்தது, பேச்சு மாறியது.

அவர் பயம் நியாயமானது. ஐந்து லட்சம் என்று வாயைத் திறந்தால், மூன்றில் முடிகிற வேலையையும் ஐந்துக்கு இழுத்துவிடுவார்கள் என்று நினைக்கிறார். இந்தப் பயத்தை வளர்த்தது எங்கள் தொழில்காரர்கள்தான். வேலை கைக்கு வர வேண்டும் என்பதற்காகக் குறைத்துச் சொல்லிவிட்டு, சுவரை உடைத்த பிறகு 'இது எக்ஸ்ட்ரா, அது எக்ஸ்ட்ரா' என்று ஏற்றுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாதி இடிந்த சமையலறையோடு நிற்கிற குடும்பம் கேட்ட பணத்தைக் கொடுக்காமல் என்ன செய்யும்? இது ஏமாற்று வேலை. வேறு பெயர் இல்லை.

புது வீட்டுக்குச் சதுரடிக் கணக்கு ஓரளவு சரிப்படும். பழைய வீட்டில் அது நடக்காது. கீழ் அறைக்குப் போய், மேற்கூரையைச் சுத்தியல் காம்பால் தட்டினேன். ஓரத்தில் கெட்டியாக 'டக்' என்ற சத்தம், பாத்ரூமுக்கு நேர் கீழே வந்ததும் 'டொப் டொப்' என்று மாறியது. கணவரையும் தட்டிப் பார்க்கச் சொன்னேன். மேலிருந்து இறங்கிய ஈரத்தில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டை வெடிக்க வைத்துக்கொண்டிருந்தது. மேலே தண்ணீர்க் குழாய்கள் பழைய ஜி.ஐ. அவற்றை அப்படியே விட்டுப் புது டைல்ஸ் ஒட்டினால், அடுத்த கசிவுக்கு அந்த டைல்ஸைத்தான் உடைக்க வேண்டியிருக்கும். ஒயரிங்கோ, கீசரும் ஏ.சி.யும் வீட்டுக்கு வீடு வராத காலத்துடையது.

டீச்சர் உள்ளே போய் ஒரு காலண்டர் தாளை எடுத்து வந்தார். பின்பக்கம் அழகான கையெழுத்தில் கணக்கு. மாடுலர் கிச்சன், கிரானைட், டைல்ஸ், பாத்ரூம் சாமான்கள். கூட்டுத்தொகை ஐந்து லட்சம். கடையில் பார்த்த பொருளெல்லாம் அதில் இருந்தது. கொத்தனார், சித்தாள் கூலி இல்லை. ரப்பிஷை வண்டியில் அள்ளிப்போகும் செலவு இல்லை. வாட்டர் ப்ரூஃபிங் இல்லை. பில் போட்டுச் செய்தால் சேருகிற 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இல்லை.

"இதுக்கு மேல எங்களால முடியாது தம்பி" என்றார்.

அந்தத் தாளிலேயே எழுத ஆரம்பித்தோம். முதலில் ஐம்பதாயிரத்தை எழுதி வட்டம் போட்டேன். உடைத்த பிறகு என்ன வெளிவருமோ, அதற்காக. பழைய வீடு என்றால் பத்தில் ஒரு பங்காவது இப்படி ஒதுக்காமல் நான் வேலை தொடங்குவதில்லை. அடுத்து கூரை, குழாய், ஒயரிங். அதன் பிறகுதான் டைல்ஸ். மாடுலர் கிச்சனுக்கு இடமில்லாமல் போனது.

டீச்சர் சிறிது நேரம் தாளையே பார்த்தார். "கடப்பா கல் தட்டே இருக்கட்டும். கதவு மட்டும் போட்டுக்கலாம்" என்றார்.

"அப்ப அஞ்சைத் தாண்டாதே?" என்றார் கணவர்.

"தாண்டும்னு தெரிஞ்சா அன்னிக்கே வேலையை நிறுத்திட்டு உங்ககிட்ட வந்து நிப்பேன் சார். நீங்க சம்மதிக்காம ஒரு மூட்டை சிமெண்ட்கூட இறங்காது." அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையில் இருக்கும் தொகையை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆனால் வீட்டுக்கு வந்து கூரையைத் தட்டிப் பார்த்தவரிடம் மட்டும் சொல்லுங்கள். போனிலேயே சதுரடி ரேட் சொல்பவரிடம் வேண்டாம்.

(அடுத்த வாரம்: அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?)