பள்ளி மடிக்கணினியில் ஒரு சீக்வென்சர்

இசைக்கூடங்களில் சீக்வென்சர் என்று வழங்கப்படும் மென்பொருளின் அடிப்படை வேலை ஒலியைப் பதிவு செய்வதன்று. எந்தச் சுரம் எந்தக் கணத்தில் எவ்வளவு அழுத்தத்துடன் தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்ற கட்டளைகளை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, உரிய நேரத்தில் அவற்றை ஒலியெழுப்பும் கருவிக்கு அனுப்புவதே அதன் வேலை. இக்கட்டளைகளுக்கு 1983-இல் வகுக்கப்பட்ட பொது மொழியான மிடி, விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் செல்வதால், ஒரு சுரத்தைத் தொடங்கச் சொல்லும் கட்டளை கருவியைச் சென்றடைய ஒரு மில்லி விநாடிகூட ஆவதில்லை. ஆகவே தாளம் பிசகுமானால் பெரும்பாலும் குற்றம் கம்பியினுடையதன்று. கட்டளையைக் குறித்த நேரத்தில் அனுப்பத் தவறிய கணினியினுடையது. அந்த நேரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது இயங்குதளம் என்பதால்தான், அலுவலக மேசைகளில் இடம்பிடிக்காத சில இயங்குதளங்கள் இசைக்கூடங்களில் செல்வாக்குடன் இருந்தன.

தமிழ்த் திரையிசையிலேயே இதற்குச் சான்று உண்டு. இளையராஜா இசையமைத்து 1986-இல் வெளியான 'புன்னகை மன்னன்' படத்தின் கணினி இசைக்கு யமாஹா நிறுவனத்தின் சி.எக்ஸ்.5எம் பயன்பட்டதாகவும், அந்நாளில் அவரிடம் பணியாற்றிய ஏ.ஆர். ரஹ்மானுக்கு சீக்வென்சர் வேலையில் பங்கிருந்ததாகவும் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. எம்.எஸ்.எக்ஸ் என்ற வீட்டுக் கணினித் தரத்தைச் சேர்ந்த அந்தப் பொறி, ஒரே நேரத்தில் எட்டுச் சுரங்களை ஒலிக்கவல்ல இசைத் தொகுதியைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. அதே காலத்தில் வந்த அட்டாரி எஸ்.டி. கணினியில் மிடி இணைப்புகள் பிறவியிலேயே இருந்தன; அதன் இயங்குதளமான டாஸ் (TOS) ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளை மட்டுமே ஓட்டியதால் குறுக்கிட வேறு வேலை இருக்கவில்லை. கியூபேஸ், நோட்டேட்டர் ஆகிய புகழ்பெற்ற சீக்வென்சர்கள் அதில்தான் வேரூன்றின. இன்று ஆப்பிள் கணினிகளில் இயங்கும் லாஜிக், நோட்டேட்டரின் வழிவந்ததே.

பல வேலைகளை ஒருங்கே செய்யும் இயங்குதளம் வந்தபோது நிலைமை மாறியது. 1993-இல் பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் பெரும் பணிநிலையக் கணினிகளுக்காகத் தொடங்கப்பட்டுப் பின்னர் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு வந்த ரோஸ்கார்டன் என்ற கட்டற்ற சீக்வென்சர், பிற நிரல்களோடு நேரத்துக்காகப் போட்டியிட வேண்டியிருந்தது. எந்த வேலையையும் இடைநிறுத்தி அவசர வேலைக்கு வழிவிடும் ஏற்பாடு லினக்ஸின் கெர்னலில், அதாவது அதன் மையப் பகுதியில், முழுமையாகச் சேர ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆயின; 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில்தான் அது முடிந்தது. ஒலியைச் சிறு சிறு துண்டுகளாகத் தேக்கி அனுப்பும் பஃபரின் அளவும் இதைப் பொறுத்ததே: விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் 256 மாதிரிகள் கொண்ட பஃபர் ஏறத்தாழ 5 மில்லி விநாடியும், 1,024 கொண்டது 21 மில்லி விநாடியும் தாமதிக்கின்றன. பின்னதில் விசைப்பலகை வாசிப்பவரின் விரல் முந்துவதும் ஒலி பிந்துவதும் தெளிவாகவே தெரியும்.

இந்த வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இயங்குதளம் உண்டு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ்தான் அது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் அதுவும் நிறுவப்பட்டிருந்தது. அம்பத்தூரை அடுத்த அயனம்பாக்கம் போன்ற புறநகர்களில் கோடம்பாக்கத்து இசைக்கூடங்களை எட்டிப் பார்க்கவும் வழியில்லாத ஒரு மாணவரின் வீட்டில், பயன்படாமல் கிடக்கும் அத்தகைய மடிக்கணினி ஒரு சீக்வென்சராக உழைக்கக்கூடியது. ஆனால் பாஸ் லினக்ஸ் அலுவலகத்தையும் வகுப்பறையையும் மனத்தில் வைத்து உருவானதேயன்றி இசைக்காக உருவானதன்று. ரோஸ்கார்டனைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். நிறுவித் திறந்தவுடன் அது ஊமையாக இருப்பதைக் கண்டு பலர் கைவிட்டுவிடுகின்றனர். ரோஸ்கார்டன் சுரங்களுக்குரிய கட்டளைகளைத் தருமேயன்றித் தானாக ஒலியெழுப்பாது என்பதால், ஃப்ளூயிட்சிந்த் போன்ற ஒலி தரும் மென்பொருளையும் உடன் இணைத்தால்தான் அது பேசும்.

மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் சரளி வரிசையை ரோஸ்கார்டனில் எழுதிப் பார்த்தால் வசதியும் குறையும் ஒருங்கே விளங்கும். எட்டு அட்சர ஆதி தாளத்தை 8/4 என்று குறித்து, ஆதார ஷட்ஜத்தை மிடியின் 60-ஆம் எண்ணில் வைத்தால், ஆரோகணம் 60, 61, 64, 65, 67, 68, 71, 72 என அமையும். நிமிடத்துக்கு 60 அட்சரம் என்ற காலப்பிரமாணத்தில் ஓர் ஆவர்த்தனம் எட்டு விநாடியில் முடியும். மிஸ்ர சாபுக்கு 7/8 என்று மாற்றினால் போதும். சிக்கல் தோடி ராகத்தில் தொடங்குகிறது. அதன் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாமல் அசைந்துகொண்டே இருக்கும் சுரம். மிடியின் சுருதி வளைவுக் கட்டளை வழக்கமான அமைப்பில் ஓர் அரைச்சுரத்தை 4,096 படிகளாகப் பகுப்பதால், கமகத்துக்கு மிடி போதாது என்ற பரவலான குறை முழுவதும் சரியன்று. நுண்மை போதுமானது; ஒவ்வொரு அசைவையும் சுட்டியால் கோடாக வரையவேண்டிய உழைப்புதான் தாங்க முடியாதது.

ரோஸ்கார்டன் கட்டற்ற மென்பொருள் என்பதால் அதன் மூல நிரலைத் திருத்த யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. ராகத்துக்குரிய கமக வளைவுகளை முன்கூட்டியே வரைந்துவைத்து, சுரப் பெயர்களைத் தமிழில் காட்டும் ஒரு பதிப்பைச் சென்னையின் இசைக் கல்லூரி மாணவர்களும் நிரலாளர்களும் கூடிச் செய்யலாம். பாஸ் லினக்ஸின் அடுத்த பதிப்பில் அதைச் சேர்க்கும்படி சி-டாக்கைக் கேட்கலாம். அதுவரை, பழைய மடிக்கணினியில் இருக்கும் பாஸ் பதிப்பு காலாவதியாகியிருக்கும் என்பதால், புதிய பதிப்பை நிறுவிக்கொண்டு, பஃபரை 256-இல் வைத்துத் தொடங்குவது நல்லது. ஒலி வெடித்து வெடித்துக் கேட்டால் 512-க்கு உயர்த்தலாம்.