புற்றுநோய் போல் தோன்றும் புண்

மலத்துடன் இரத்தமும் சளியும் போகின்றன. வெட்கத்தால் உம்மாவிடமும் சொல்லாத பிள்ளைகள் உண்டு. அகநோக்கியில் பார்த்தால் மலக்குடலில் புண், சிலவேளை கட்டி. புற்றுநோயோ என்று வீடே கலங்கிவிடும். ஆனால் 'தனி மலக்குடற் புண்' என்னும் நோயும் இப்படியே தோன்றும், இளவயதினரையும் பிடிக்கும். பெயர்தான் பொருத்தமில்லை: புண்கள் பலவாகவும் இருக்கலாம், புண்ணே இல்லாமலும் இருக்கலாம்!

கண்ணால் மட்டும் பார்த்து முடிவுசெய்ய முடியாது. சிறு துண்டெடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். புற்றுக் கலங்கள் இல்லாமல், சளிச்சவ்வினுள் நாரிழையமும் தசையும் படர்ந்திருந்தால் இந்நோயே. 1969இல் மடிகன், மோர்சன் என்னும் வைத்தியர்கள் இதனைத் தெளிவாக விபரித்தனர்.

மலச்சிக்கலால் நெடுநேரம் முக்கும்போது மலக்குடற் சுவர் உட்சரிந்து நசுங்குவதே பெரும்பாலும் காரணம். ஆகவே வெட்டி அகற்ற அவசரமில்லை. நார்ச்சத்துணவு, போதிய நீர், முக்காதிருக்கும் பழக்கம் ஆகியவையே முதற் சிகிச்சை. ஆற மாதங்கள் செல்லலாம்.