ஒளிரும் சாயமும் சத்திரவைத்தியர் கண்ணும்

மூளையிலே தோன்றும் கொடிய புற்றுக்கட்டிக்குத் தெளிவான எல்லை இல்லை. நடுப்பகுதியைக் கண்ணாற் கண்டு அகற்றலாம். ஓரத்திலோ நோயுற்ற கலங்கள் நல்லிழையத்தோடு விரவிக் கிடக்கும். மிகுத்து வெட்டினாற் பேச்சோ கைகால் இயக்கமோ கெடும். குறைத்து வெட்டின் எஞ்சிய பகுதி விரைந்து வளரும். இவ்விடர்ப்பாட்டில் உதவ வந்ததே புளோரொளிர்வின் துணைகொண்டு செய்யும் சத்திரசிகிச்சை.

ஓர் ஒளியை ஏற்று அதனினும் நீண்ட அலைநீளமுடைய ஒளியை வெளிவிடுதல் சில பொருள்களின் இயல்பு. 1852 இல் ஸ்ரோக்ஸ் என்னும் அறிஞர் இதனை விளக்கிப் பெயருமிட்டார். 1948 இல் அமெரிக்காவில் மூர் என்பாரும் அவர்தம் குழுவினரும் மூளைக்கட்டிகளை இனங்காணப் புளோரசீன் சாயத்தைப் பயன்படுத்தியமையை வெளியிட்டனர். இக்காலத்திற் சிறப்பாக வழங்குவது அமினோலெவுலினிக் அமிலம். நோயாளி இதனைச் சில மணி நேரம் முன்னரே அருந்துவார். கட்டியின் கலங்கள் இதனைப் புரோத்தோபோபைரினாக மாற்றித் தம்முட் சேர்க்கும். ஏறக்குறைய 400 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீலவூதா ஒளியால் அருட்டப்படின் அது 635 நனோமீற்றரளவிற் செந்நிறமாய் ஒளிரும். 2006 இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வொன்றில், வெண்ணொளியில் மாத்திரம் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 36 பேருக்கே படத்திற் புலப்பட்ட கட்டி முற்றாக அகற்றப்பட்டது. இம்முறையில் 65 பேருக்கு அது கைகூடிற்று.

எனினும், ஒளிர்வதெல்லாம் நோயன்று, ஒளிராததெல்லாம் நலமுமன்று. தோன்றும் படத்தின் தரத்தைப் பல காரணங்கள் மாற்றிவிடும். அவற்றுள் முதன்மையானது குருதி. ஈமோகுளோபின் நீலவூதா ஒளியைப் பெரிதும் உறிஞ்சுவதால், மெல்லிய குருதிப்படலமே கீழுள்ள கட்டியை இருளாக்கிவிடும். விலையுயர்ந்த நுணுக்குக்காட்டி இருந்தும், இடையிடையே கழுவித் துடைப்பதன்றி வேறு வழியில்லை என்பது வியப்பே. மடிப்பின் கீழே மறைந்த பகுதியும் புலப்படாது. அருட்டும் ஒளி அங்கே செல்லாதன்றோ?

ஆழம் அடுத்த தடை. 700 முதல் 900 நனோமீற்றர் வரையுள்ள கதிர்களைக் குருதியும் நீரும் குறைவாகவே உறிஞ்சும். இவ்விடைவெளியில் ஒளிரும் இந்தோசயனின் பச்சை, ஆதலால் சில மில்லிமீற்றர் ஆழத்திலிருந்தும் புலப்படும். ஆயினும் இழையத்தினூடே வரும் ஒளி சிதறுவதால், ஆழம் கூடுந்தோறும் ஓரங்கள் மங்கி, சிறு பொருள் அகன்ற புகைபோலத் தோன்றும். சாயத்தைக் கூட்டினால் ஒளியும் கூடும் என எண்ணுதலும் பிழை. மிகச் செறிந்தவிடத்துச் சாயமே தன் ஒளியைத் தணித்துக்கொள்ளும்.

விரிந்து செல்லும் ஒளியாயின், தூரம் இருமடங்காகும்போது செறிவு ஏறத்தாழ நாலிலொன்றாகும். சாய்ந்து விழும் ஒளியும் அவ்வாறே குறைபடும். மண்டப விளக்குகள் கமராவினுட் புகுந்து பின்னணியை வெளிறச் செய்யும். கொலாஜன் முதலிய பொருள்களின் இயல்பான ஒளிர்வும் அதனோடு சேரும். நெடுநேரம் நீலவொளி பட்டாற் புரோத்தோபோபைரினே சிதைந்து மங்கும்.

இவையெல்லாம் சீராயிருந்தாலும், எவ்வளவு ஒளியை “ஒளிர்வு” எனத் திரையிற் காட்டுவதென்பது கருவியின் அமைப்பைப் பொறுத்தது. வரம்பைத் தாழ்த்தினாற் கட்டி பெருக்கும்; உயர்த்தினாற் சுருங்கும். ஆகவே அளவறிந்த ஒளிர்வுள்ள மாதிரிப்பொருளைக் கொண்டு கருவியை முன்னரே ஒப்புநோக்குவர். கட்டியின் ஓரத்தில் மங்கிய இளஞ்சிவப்பு தோன்றும்போது, மூளையின் அப்பகுதி பேச்சுக்கு உரியதா என மின்தூண்டலாற் சோதித்த பின்னரே சத்திரவைத்தியர் கருவியை அங்கே செலுத்துவார்.