சர்வர் டவுன்னா ரேஷன் கிடையாதா? கழுதையில் போன ஓட்டு மெஷின் சொல்லும் பாடம்

‘சர்வர் வரல, நாளைக்கு வாங்கம்மா.’ சிக்னல் சரியாக எட்டாத மலை கிராமங்களில், ரேஷன் கடைக்குப் போய் வெறும் பையோடு திரும்பியவர்களுக்கு இந்த வார்த்தை புதுசு இல்லை.

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் அருகே உள்ளது கோட்டூர் மலை. 2024 மக்களவைத் தேர்தலிலும் ஓட்டு மெஷின்கள் இங்கே கழுதை மேல்தான் ஏறிப் போயின. அந்த மெஷின்களுக்கு இன்டர்நெட் இணைப்பே கிடையாது. ஆனாலும் ஓட்டுப்பதிவு நடந்தது. நெட் இல்லாமல் ஓட்டு போட முடியும்னா, அரிசி வாங்க மட்டும் ஏன் முடியல?

பதில், ‘டேட்டா சிங்க்’ முறையில் இருக்கிறது. பல இடங்களில் பதிவாகும் தகவலை ஒரே கணக்காக ஒத்துப்போக வைப்பதுதான் டேட்டா சிங்க்.

ஓட்டு மெஷின் எப்படி சமாளிக்கிறது?

ஒவ்வொரு மெஷினும் தன்னிடம் விழுந்த ஓட்டை தன்னிடமே வைத்திருக்கும். எண்ணிக்கை நாளில், சாவடியில் எழுதிய படிவம் 17சி கணக்கோடு ஒப்பிட்டு, பிறகு கூட்டுவார்கள். ஒரு வாக்காளருக்கு ஒரே சாவடி, விரலில் மை. அதனால் பக்கத்து சாவடியிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை.

ரேஷனில் என்ன சிக்கல்?

ஒரு கார்டுக்கு ஒரே கடை என்று இருந்தவரை, இங்கேயும் அதே நிலைமைதான். 2020 அக்டோபர் 1 முதல் தமிழகத்தில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் அமலுக்கு வந்தது. வெளியூரில் வேலை செய்பவர்கள் அங்கேயே பொருள் வாங்கலாம். ஆனால் ஒரே கார்டுக்கு காலையில் பென்னாகரத்திலும் மாலையில் ஓசூரிலும் அரிசி போட்டுவிடக் கூடாதே! அதைத் தடுக்க, கடை மெஷின் மைய சர்வரைக் கேட்டாக வேண்டும். கைரேகையைச் சரிபார்க்கவும் சர்வர் வேண்டும்.

3 வழிகள்

1. உடனுக்குடன் சேர்ப்பது: யுபிஐ பணப் பரிமாற்றம் போல. கணக்கு தப்பாது. ஆனால் நெட் போனால் வேலை நின்றுவிடும்.

2. சேமித்து வைத்து அப்புறம் அனுப்புவது: ஓட்டு மெஷின் போல. வேலை நிற்காது. ஆனால் இரட்டைப் பதிவு இருந்தால் லேட்டாகத்தான் தெரியும்.

3. இரண்டும் கலந்தது: நெட் இருந்தால் சர்வர். இல்லையென்றால், அந்தக் கடையின் சொந்த கார்டுகளுக்கு மட்டும் ஸ்மார்ட் கார்டை ஸ்கேன் செய்து பொருள் கொடுப்பது. சிக்னல் கிடைத்ததும் பதிவை அனுப்பிவிடுவது. வெளியூர் கார்டுகளுக்கு மட்டும் சர்வர் கட்டாயம். இரட்டைப் பதிவு வந்தால் அடுத்த மாத அளவில் கழிப்பது என்பது போல, விதியை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

செயலியோ மெஷினோ, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். தகவல் லேட்டானால் யாருக்கு நஷ்டம்? தப்பானால் யாருக்கு நஷ்டம்? பேங்க் கணக்கில் தப்பு வரவே கூடாது, அதனால் அங்கே முதல் வழி. ரேஷன் கடையில், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கி வருபவரைத் திருப்பி அனுப்பினால் நஷ்டம் முழுக்க அவருக்குத்தான். கூடுதலாகப் போன அரிசியை அடுத்த மாதம் கழித்துக்கொள்ளலாம். போன கூலியை எந்த சர்வரும் திருப்பித் தராது.