சமாதானமும் சாகுபடியும்

யுத்தம் ஓய்ந்ததென்று உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிடுவது சில நாட்களில் முடியும் காரியம். அந்த யுத்தத்தால் பாழான கிராமத்தில் மறுபடியும் ஏர் பூட்டி, நாற்று நட்டு, களத்தில் நெல் குவிப்பதோ பல வருஷங்களுக்குரிய வேலை. முதலாவதைப் பற்றிச் சரித்திர நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. இரண்டாவதைப் பற்றி அவை கூறுவது சொற்பமே. ஆயினும் பயிரிடும் குடிகளும் கிராம அதிகாரிகளும் அறிந்துகொள்ள வேண்டுவது இரண்டாவதையே. இதற்குத் தக்க உதாரணம் சென்னை நகரின் வடபாகத்திலும், அதனைச் சூழ்ந்த பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலும் கிடைக்கின்றது.

மூலையில் நின்ற கொத்தளம்

ராயபுரத்திற்கு மேற்கே, பேசின் பாலத்திற்கு அருகில் உள்ளது மூலக்கொத்தளம். மதிலின் மூலையில் கட்டப்பட்ட கொத்தளம் என்பதே இப்பெயரின் பொருள். ஹைதர் அலியின் குதிரைப் படை 1767-ஆம் வருஷத்தில் சென்னையின் புறத்திலிருந்த தோட்ட வீடுகள் வரையில் வந்து கொள்ளையிட்டது. 1769-இல் ஹைதர் தாமே விரைந்து வந்து நகரின் வாயிலில் நின்றார். கும்பினியார் வேறு வழியின்றி அவ்வருஷம் ஏப்ரல் மாதத்தில் சமாதானம் செய்துகொண்டார்கள். பிடித்த ஊர்களை இரு தரப்பாரும் திருப்பிக் கொடுப்பதென்றும், ஒருவரை வேற்றரசர் தாக்கினால் மற்றவர் துணைபுரிவதென்றும் அவ்வுடன்படிக்கையில் எழுதப்பட்டது.

உடன்படிக்கையின் மை உலருமுன்னே நகரத்தார் மதில் கட்டத் தொடங்கினார்கள். கறுப்பர் பட்டணம் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட பகுதியின் வடக்கிலும் மேற்கிலும் அம்மதில் எழுந்தது. பால் பென்ஃபீல்டு என்பவர் அதன் கட்டுமானக் குத்தகையை எடுத்திருந்தார். அதன் செலவுக்காக விதிக்கக் கருதிய வரி பின்னர் கைவிடப்பட்டபோதிலும், வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. யானைக்கவுனி என்னும் பெயரும் அம்மதிலின் வாயில் ஒன்றிலிருந்து வந்ததே. பழைய சிறைச்சாலைச் சாலையில் மாடிப் பூங்கா என்று வழங்கும் இடத்தில் மதிலின் ஒரு துண்டு இன்றும் நிற்கின்றது.

இங்கே கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. அந்த மதில் ஒரு முற்றுகையையும் தாங்க நேரவில்லை. பகைவர் மறுமுறை வந்தபோது அழிந்தது மதிலுக்கு வெளியே இருந்த நாட்டுப்புறமே. 1769-ஆம் வருஷத்துச் சமாதானம் நகரத்தாருக்குச் சுவர் ஒன்றைத் தந்தது. ஏரிக்கரைக்கும் களத்துமேட்டிற்கும் அது யாதொரு காவலும் தரவில்லை. 1771-இல் மராட்டியர் ஹைதரைத் தாக்கிய காலத்தில் கும்பினியார் வாக்களித்தபடி துணைபுரியவும் இல்லை. நிறைவேற்றப்படாத உடன்படிக்கை அடுத்த யுத்தத்திற்கு விதையாயிற்று.

நாடு பாழான வகை

1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையுடன் கணவாய் வழியே இறங்கினார். செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்திற்கு அருகே பொள்ளிலூரில் பெய்லியின் படை முறியடிக்கப்பட்டது. சென்னையைச் சுற்றிலும் கும்பினிப் படைக்கு உணவும் தீவனமும் கிடைக்காதபடி நாட்டைப் பாழாக்குவது அக்காலத்து யுத்த தந்திரமாயிருந்தது.

இதனால் குடிகளுக்கு நேர்ந்த நஷ்டம் நான்கு வகைப்பட்டது. முதலாவது, மாடுகள். படைகளின் மூட்டைகளைச் சுமக்கவும் பீரங்கிகளை இழுக்கவும் இரு தரப்பாருக்கும் எருதுகள் வேண்டியிருந்தன. உழவு மாடு போனபின் நிலத்திற்கு எருவும் இல்லை. இரண்டாவது, விதை. பஞ்சத்தில் விதை நெல்லையே குத்தி உண்ணும்படி ஆயிற்று. மூன்றாவது, ஏரிகள். செங்கற்பட்டு நாட்டில் ஓர் ஏரியின் உபரி நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும்படி அவை தொடராக அமைந்தவை. மேலேரியின் கரை உடைந்து கவனிப்பாரற்றுக் கிடந்தால், ஒரு பெருமழையில் கீழேரிகளின் கரைகளும் உடையும். நான்காவது, ஆட்கள். மிராசுதார்கள் சிலர் ஊரைவிட்டுப் போனார்கள். பண்ணையாட்களில் மாண்டவர் பலர், சிதறியவர் பலர். உழைக்கும் கை இல்லாத ஊரில் மிராசுப் பத்திரம் மட்டும் நெல் விளைவிக்காது.

மணியக்காரர் சத்திரம்

நாட்டுப்புறத்தில் விளைவு நின்றபடியால் சென்னை நகரம் கடல்வழி வரும் அரிசியையே நம்பியிருந்தது. பிரெஞ்சுக் கப்பற்படை கடலில் உலவியதால் அவ்வழியும் தடுமாறிற்று. 1782 அக்டோபரில் அடித்த புயலில், துறைமுகமில்லாத சென்னைக் கடலில் நங்கூரமிட்டிருந்த தானியக் கப்பல்கள் பல சேதமடைந்தன. மதிலுக்குள் இருந்தவர்களும் பசியால் வாடினார்கள்.

அவ்வருஷத்தில் ராயபுரத்தருகே ஒரு கிராம மணியக்காரர் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கினார் என்பர். அதுவே மணியக்காரர் சத்திரம் எனப் பெயர் பெற்று, ஆங்கிலேயர் வாயில் ‘மோனிகர்’ என்றாயிற்று. சமாதானம் வந்த பின்னும் அது மூடப்படவில்லை. அநாதைகளுக்கும் பிணியாளருக்கும் புகலிடமாயிற்று. 1799-இல் டாக்டர் அண்டர்வுட் அங்கே வைத்திய சாலை ஏற்படுத்தினார். இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை அதன் வழிவந்ததே. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று முதியோர் அதனைச் சொல்வதும் இதனாலேயே. பஞ்ச காலத்தில் கிராம அதிகாரி ஒருவர் செய்த செயல், இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரு நகரத்தின் பேச்சில் நிலைத்திருக்கின்றது. கிராம அதிகாரிகள் இதனை மறக்கலாகாது.

உடன்படிக்கைக்குப் பின்

ஹைதர் அலி 1782 டிசம்பரில் காலமானார். அவர் குமாரர் திப்பு சுல்தானும் கும்பினியாரும் 1784 மார்ச் 11-ஆம் தேதி மங்களூரில் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுப்பதும், கைதிகளை விடுவிப்பதும் அதன் முக்கிய அம்சங்கள். உடைந்த மதகைப் பற்றியோ, இழந்த எருதைப் பற்றியோ குடிகளின் கைக்கு எட்டும் ஏற்பாடு அதில் ஒன்றுமில்லை. ஆகவே பீரங்கி ஓய்ந்த பிறகும் கிராமங்கள் உடனே தழைக்கவில்லை.

சென்னையைச் சூழ்ந்த இந்நாட்டை ஜாகீர் என்பார்கள். நவாப் முகம்மது அலி 1763-இல் இதனைக் கும்பினியாருக்கு அளித்து, பிறகு தாமே குத்தகைக்கு எடுத்திருந்தார். 1780-க்குப் பின் கும்பினியாரே நேரில் நிர்வகிக்கலானார்கள். 1794 முதல் 1798 வரையில் லயனல் பிளேஸ் என்பவர் இங்கே கலெக்டராயிருந்தார். அதாவது, மங்களூர் உடன்படிக்கையாகிப் பத்து வருஷம் சென்ற பின்பும் ஏரிகளைச் செப்பனிடுவதே கலெக்டரின் பெருங்கவலையாயிருந்தது. மதுராந்தகம் ஏரியின் கரையும் கலங்கலும் அவர் காலத்தில் செப்பனிடப்பட்டன. பெருமழை பெய்த ஓரிரவில் கரை உடையுமென்று அஞ்சிச் சென்ற பிளேஸ் துரை, வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்கக் கண்டார் என்றும், அதனால் அவ்வூர் இராமர் ஏரி காத்த இராமர் எனப் பெயர் பெற்றார் என்றும் சொல்லி வருகின்றார்கள். அக்கோயிலில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டும் உள்ளது. யுத்தங்களின் வீரக் கதைகள் பல வழங்கிய நாட்டில், ஏரிக்கரை நிலைத்ததைக் கொண்டாடும் கதை ஒன்று பிறந்தது. சமாதானம் ஜனங்களின் மனத்தில் வேரூன்றிற்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நிலமும் உரிமையும்

சமாதானத்தால் புதிய வழக்குகளும் தோன்றின. மிராசுதார் இல்லாத நிலத்தையும், ஆள் குறைந்த நிலத்தையும் பாயக்காரிகள் எனப்பட்ட பிற குடிகள் உழுதார்கள். பழைய மிராசுதார் திரும்பி வந்தால் யாருக்கு எவ்வளவு பாத்தியம் என்ற கேள்வி எழுந்தது. தீர்வை விஷயத்தில் இணங்காத பூவிருந்தவல்லிப் பக்கத்து மிராசுதார்கள் சிலரைப் பிளேஸ் நீக்கியதால் மனக்கசப்பும் உண்டாயிற்று. நெடுங்காலம் நடந்த இவ்விவாதத்தில், எல்லிஸ் துரையின் மிராசு பாத்தியம் பற்றிய நூல் 1818-இல் வெளிவந்தது.

இவ்விஷயத்தில் உதவியவை கிராமக் கணக்குகளே. பார்னார்டு என்பவர் 1767 முதல் 1774 வரையில் ஜாகீர் கிராமங்களை அளந்து, நன்செய், புன்செய், ஏரி, வீடு, மானியம் ஆகியவற்றைப் பதிவு செய்தார். கணக்குப்பிள்ளைகளின் ஓலைகள் அதற்கு உடன் நின்றன. யுத்தத்திற்கு முந்தைய நிலையை அறிய இக்கணக்குகளே இன்றும் ஆதாரம். கலகத்தில் கரை உடைந்தால் மீண்டும் கட்டலாம்; கணக்கு அழிந்தால் உரிமையை நிலைநாட்டுவது அரிது.

மதில் போய்க் கால்வாய் வந்தது

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் சென்னைக்கு மைசூர்ப் படையின் பயம் நீங்கிற்று. 1806-இல், மதிலுக்கு அருகிலிருந்து வடக்கே எண்ணூர் வரையில் காக்ரேன் கால்வாய் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் என விரிந்தது இதுவே. குதிரைப்படை வரும் என்று அஞ்சிய வடதிசையிலிருந்து உப்பும் விறகும் படகுகளில் வந்தன. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ரயில் ஓடத் தொடங்கிற்று. ஹைதரின் படை இறங்கி வந்த ஆர்க்காட்டு நாட்டோடு நகரம் இரும்புப் பாதையால் இணைக்கப்பட்டது. கொத்தளம் பெயரளவில் நின்றது. கால்வாயில் படகுப் போக்குவரத்து பின்னர் நின்றுபோயிற்று. ஆயினும் சந்தைக்குப் பாதை திறப்பதே சமாதானத்தின் முதற் பலன் என்பதை அது காட்டிற்று.

அண்மைக் காலத்து உதாரணம் ஒன்று கடலுக்கு அப்பாலும் உண்டு. இலங்கையில் 2002 பிப்ரவரி 22-ஆம் தேதி போர்நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டது. அவ்வருஷம் ஏப்ரலில் யாழ்ப்பாணத்திற்குச் செல்லும் ஏ-9 பாதை திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து வெங்காயமும் பிற விளைபொருள்களும் தரைவழியாகத் தெற்கே செல்ல வழியாயிற்று. கண்ணிவெடி அகற்றப்படாத வயலிலோ, உடன்படிக்கை இருந்தும் ஏர் இறங்க முடியவில்லை. 2006 ஆகஸ்டில் அப்பாதை மூடப்பட்டபோது குடியானவர் மறுபடியும் சந்தையை இழந்தார். யுத்தம் முடிவுற்றது 2009 மேயில். உடன்படிக்கையின் உயிர் எழுத்தில் இல்லை, வயலிலும் வழியிலும் உள்ளது என்பது இதனாலும் விளங்கும்.

கிராமங்கள் கைக்கொள்ள வேண்டியவை

படையெடுப்பு இன்று நம் கிராமங்களை அணுகுவதில்லை. எனினும் மதகுத் தண்ணீருக்காகவும், வரப்பிற்காகவும், கோயில் மரியாதைக்காகவும் பிரிந்து நிற்கும் ஊர்கள் உண்டு. ஒரு வாரக் கலகம் ஒரு போகத்தைக் கெடுக்கும். அத்தகைய ஊர்களில் சமாதானம் பேசுங்கால் பின்வருவனவற்றைக் கவனிப்பது நலம்.

1. ‘இனிச் சண்டையிடுவதில்லை’ என்று மட்டும் எழுதி நிறுத்தலாகாது. எந்த மதகு எந்நாளில் யார் நிலத்திற்குத் திறக்கப்படும், கரையைச் செப்பனிடும் செலவில் யார் பங்கு எவ்வளவு என்பவையும் அவ்வுடன்படிக்கையிலேயே எழுதப்பட வேண்டும்.

2. குடிமராமத்து வேலையை இரு கட்சியாரும் சேர்ந்து செய்தல் வேண்டும். 2017-இல் தமிழ்நாட்டில் குடிமராமத்து மீண்டும் தொடங்கப்பட்டது. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கான 2000-ஆம் வருஷத்துச் சட்டமும் உள்ளது. ஒரே கரையில் மண் சுமந்தவர்கள் அக்கரையை வெட்ட மனங்கொள்ளார்.

3. விதை நெல்லை உணவு நெல்லோடு கலந்து வைக்கலாகாது. நன்றாக உலர்த்தி, தனியே காற்றுப் புகாமல் சேமித்து, விதைக்குமுன் முளைப்புத் திறன் பார்த்துக்கொள்ள வேண்டும். நஷ்டப்பட்ட அயலாருக்குக் கடனாகக் கொடுக்க ஊர்ப் பொதுவில் சிறிது விதை இருப்பது நலம்.

4. ஊரைவிட்டுப் போன உழைப்பாளிகள் அச்சமின்றித் திரும்பி வரவும், அவர்கள் வீட்டுமனையும் கூலியும் குறைவுபடாதிருக்கவும் நிலமுடையோர் உறுதி கூற வேண்டும். அவர்களை விட்டுச் செய்யும் சமாதானம் பாதிச் சமாதானமே.

5. மணியம், கர்ணம் பதவிகள் 1980-இல் நீங்கின. அப்பொறுப்பு இன்று கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ளது. அடங்கலில் சாகுபடியை உள்ளது உள்ளபடி எழுதி வைப்பது அவர் கடமை. கலக காலத்தில் ஒரு தரப்பாருக்குச் சாதகமாக எழுதிய ஒரு வரி, சமாதானத்திற்குப் பின் பத்து வருஷ வழக்காக முளைக்கும்.

இவற்றுள் எதுவும் பெரும் பணம் வேண்டுவதன்று. வரப்போகும் மழைக்குமுன் ஏரிக்கரையைச் சுற்றிப் பார்த்து, பிணங்கி நிற்பவர்களை அக்கரைக்கே அழைத்து வந்து பேசித் தீர்ப்பது ஒவ்வொரு கிராமத்தாரும் இவ்வருஷமே செய்யக்கூடியது.